சோளக்குருவிகளும் ஒரு தெர்மோகோல் ராஜாளியும்

மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் காயும்போது ஒரு வாடை வரும். அழுகத் தொடங்கிய பலாப்பழத்தையும் மண்ணெண்ணெயையும் ஒரே சட்டியில் போட்டுச் சூடாக்கியது போன்ற அந்த வாடை, ராஜபாளையத்தில் எங்கள் அத்தா வைத்திருந்த, எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடையில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் நின்றுகொண்டே இருக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு என்பதால் எங்கள் துணியில், தலைமுடியில், ஆக்கிய சோற்றில்கூட அது ஏறியிருந்தது. அந்த வார்னிஷைத்தான் என் அண்ணன் அன்வர், துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த ஏரோப்ளேனின் வெள்ளை இறக்கையில், பளபளப்பாக இருக்கட்டுமே என்று ஒரு தடவை தடவிப் பார்த்தான். தடவிய இடம் எங்கள் கண்முன்னாலேயே குழைந்து, வெயிலில் வைத்த வெண்ணெயாக உள்வாங்கிப் போனது. இறக்கை தெர்மோகோல் என்பதும், தெர்மோகோலுக்கு வார்னிஷ் ஆகாது என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். "ஏலே, வந்த அன்னைக்கே அதக் கொன்னுட்டியலே" என்று அம்மா சொன்னதும், அண்ணன் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு அழாமல் நின்றதும் நினைவிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் கேபிள் டி.வி. கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு, அண்ணன் ஐ.டி.ஐ. மாமா கொண்டுவந்தது, விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்றே செய்யப்பட்ட எளிய விமானம். மெல்லிய பிளாஸ்டிக் உடம்பு, மூக்கில் விசிறி, உடம்புக்கு மேலே குறுக்காக ஒரே நீள இறக்கை. அந்த இறக்கையை ஆணியோ பசையோ பிடித்திருக்கவில்லை. வெறும் ரப்பர் பேண்டுகள்தான். "எங்கயாவது இடிச்சா றெக்கை தெறிச்சுத் தனியா விழுகணும், அப்பத்தான் உடையாது" என்று மாமா விளக்கினார். தரையில் நிற்கிறவர் கையில் ஒரு கன்ட்ரோல் பெட்டி; அதில் இரண்டு குச்சிகள், இழுத்தால் நீளும் வெள்ளிநிற ஏரியல். பாட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றினால், பறப்பதோ ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்தான்.

முதலில் ஓட்டியது அண்ணன்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் விட்டோம். அவனைவிட்டுத் தள்ளிப் போகும்வரை ஒழுங்காகப் போகும். திரும்பி எங்களை நோக்கி வரத் தொடங்கியதும் தாறுமாறாகி மூக்கால் மண்ணைக் குத்தும். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது கை நமக்கு வலது கை என்பதை அவன் மூளை ஒப்புக்கொள்ளும் முன்பே அது தரைக்கு வந்துவிடும். வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு ஒன்று பிடிபட்டது: இடது வலது என்று யோசிக்கவே கூடாது, எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளவேண்டும், சரிகிற கூரைக்கு முட்டுக்கொடுப்பது போல. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியை என்னிடம் தந்தான். அதற்குப் பிறகு அவன் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அது அவனுடைய பெருந்தன்மை. என்னைப் பொறுத்தவரை அது என்னுடைய பெட்டியாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மாரியம்மாள், சோழபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். குரல் சற்றுக் கரகரப்பாக இருக்கும், சிரித்தால் பெஞ்சே ஆடும். பொட்டலில் மின்கம்பியும் வேப்பமரமும் எங்களைப் படுத்துகிற பாட்டைச் சொன்னபோது, "ஏட்டி, அத எங்க ஊருக்குக் கொண்டாங்கடி. அங்க கம்பியும் கெடையாது மரமும் கெடையாது, ஆகாசம் சும்மாதான் கெடக்கு" என்றாள். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில், அத்தாவின் டி.வி.எஸ். 50-யில் அண்ணன் ஓட்ட, நான் பின்னால் ஏரோப்ளேனைக் கைக்குழந்தையாக அணைத்தபடி போவோம்.

இந்த விமானத்துக்கு ஓடுதளம் கிடையாது. ஒருவர் கையில் பிடித்து ஓடி, காற்றுக்கு எதிராக, மூக்கு ஏறாமலும் இறங்காமலும் எறியவேண்டும். அண்ணன் எறிந்தால் பத்தில் பாதி தரைக்குப் போகும். மாரி முதல் தடவை எறிந்தபோதே அது நீரில் விட்ட படகாக வழுக்கிக்கொண்டு போனது. கவண் வீசிப் பழகிய கை. அன்றிலிருந்து எறிவது மாரி, ஓட்டுவது நான், விழுந்தால் பொறுக்குவது அண்ணன் என்று ஆனது.

அந்த வருடம் சோழபுரத்துப் புஞ்சையெல்லாம் சோளம். மார்கழி தொடங்கிக் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், பனியோடு பனியாகச் சோளக்குருவிகள் வந்து இறங்கின. ரோஸ் உடம்பும் கறுப்புத் தலையுமாக, எங்கோ வடக்கேயிருந்து படை படையாக வருபவை. ஒரு படை எழும்பினால் வானத்தில் யாரோ கறுப்புச் சேலையை உதறுவது போலிருக்கும். உட்கார்ந்து எழுந்தால் கதிரில் உமிதான் மிஞ்சும்.

நாங்கள் பறக்கவிட்ட பொட்டலை ஒட்டி இருந்தது பெரியசாமி மாமாவின் காடு. கிணறும் பம்புசெட்டும் உள்ள பெரிய புஞ்சை. மோட்டார் புகைந்தால் அத்தாவிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு நாள் எங்கள் ஏரோப்ளேன் அவர் சோளத்துக்கு மேலே வளைந்தபோது, குருவிகள் மொத்தமாக எழும்பி ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவர் வரப்பிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தோம்.

"நீ பாய் மகதான? உங்க அத்தா எங் கிணத்துல மோட்டார ஓட வைக்காரு, நீ எங் காட்டுல குருவிய ஓட வைக்கியே தாயி! நாளைக்கும் வாங்க. லீவு விட்டாச்சுல்ல? தெனமும் வாங்க."

விளையாட்டுச் சாமான் ஒன்று திடீரென்று "வேலை" ஆனதில் எனக்கு உண்டான பெருமையைச் சொல்லி மாளாது. ஆனால் குருவிகள் முட்டாள்கள் இல்லை. இரண்டொரு நாளில் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வெள்ளைப் பறவை கத்துமே ஒழிய கடிக்காது என்று. பக்கத்திலேயே பறந்து வந்து பார்த்துவிட்டுப் போய்க் கதிரில் உட்கார்ந்தன. பெரியசாமி மாமாவின் முகம் சுருங்கியது. அது எனக்குத் தாங்கவில்லை.

மலைப்பக்கமிருந்து எப்போதாவது ராஜாளி ஒன்று வரும். அது தலைக்கு மேலே தெரிந்ததுமே குருவிப் படை ஒரு பந்தாகச் சுருண்டு, திரும்பிப் பார்க்காமல் பறந்துவிடும். எங்கள் ஏரோப்ளேனை ராஜாளியாக்கிவிடுவது என்று முடிவுசெய்தேன். டி.வி. பெட்டிக்குள் வரும் தெர்மோகோலை அறுத்து, இறக்கையின் நுனிகளைக் கூராக்கிப் பின்னுக்கு வளைத்தேன். வால் விசிறியாக விரிந்தது. மேலெல்லாம் பழுப்புத் தாள் ஒட்டி மையால் வரி போட்டேன். அறுந்துபோன பாட்டு கேசட்டிலிருந்து நாடாவை உருவி, இறக்கைக்குக் கீழே இழுத்துக் கட்டினேன். காற்றில் அது "ம்ம்ம்" என்று ரீங்காரமிடும். இத்தனை கனத்தையும் ரப்பர் பேண்டு தாங்காது என்று இறக்கையை உடம்போடு பசைபோட்டு இறுக்கி ஒட்டிவிட்டேன்.

புது வால் கனத்ததால், எறிந்ததும் அது மூக்கைத் தூக்கி ஏறி, மேலே போய்த் திகைத்து நின்று, அப்படியே பின்பக்கமாக விழுந்தது. இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கி, எங்கே வைத்தால் தராசு முள்ளாக நேரே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, பாட்டரியை முன்னால் தள்ளினேன். அப்போதும் போதாமல் கடையிலிருந்து ஒரு இரும்பு நட்டை எடுத்து மூக்குக்குள் வைத்து அடைத்தேன். அத்தா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வந்து, அதே மாதிரி இரண்டு விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரியா நிக்குதே" என்றார். வாடிக்கையாளர்களிடமெல்லாம், "எம் மக செஞ்சது" என்று காட்டினார்.

மாரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெசமாவே ராஜாளிதாம்டி. எனக்கே பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு எறிந்தாள்.

அந்தக் காலைவேளையை நினைத்தால் இன்றைக்கும் என் உடம்பு சிலிர்க்கிறது. சிலிர்ப்பதற்காகவே வெட்கமும் வருகிறது. பனி விலகாத வானத்தில் அந்தக் கறுத்த உருவம் ரீங்காரத்தோடு சாய்ந்து திரும்ப, ஆயிரக்கணக்கான குருவிகள் ஒரே மூச்சில் எழும்பின. வரப்புகளில் நின்ற ஆட்கள் கை தட்டினார்கள். படை ஒரு சுற்றுச் சுற்றி ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. எங்கே இறங்கியது என்று நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், பார்த்து, "போயிருச்சு, போயிருச்சு!" என்று குதித்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் யார் காடு என்று எனக்குத் தெரியும். மாரி அங்கிருந்துதான் ஓடையில் இறங்கி ஏறி, பாவாடையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கியபடி தினமும் வருவாள்.

அரையாண்டு லீவு முழுக்கக் காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் பறக்கவிட்டோம். பெரியசாமி மாமா வீட்டில் எங்களுக்குப் பணியாரமும் கருப்பட்டிக் காப்பியும் வரும். நாள் போகப் போக மாரி எறிய வருவதில்லை. வேலை இருக்கும் என்று அண்ணன் சொன்னான். எனக்குக் கொஞ்சம் கோபம், அவள் எறிவது மாதிரி அவன் எறிவதில்லையே என்று.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது மாரி வரவில்லை. டீச்சர் பெயர் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு அடுத்த பெயருக்குப் போனார்கள். வாரம் முழுக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெரியசாமி மாமா காட்டுக்குப் போகாமல் நேரே ஓடையைத் தாண்டினோம்.

அவர்களுடையது கிணறில்லாத சின்னப் புஞ்சை. மாரியின் அப்பா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அம்மா பேச்சியம்மாள் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போவார். வருடத்துக்கான சோறு அந்தச் சோளம். தூரத்திலிருந்து பார்த்தபோது பயிர் நன்றாகத்தான் நின்றது. கிட்டே போனதும்தான் தெரிந்தது, கதிர்கள் நிற்கின்றன, மணி இல்லை. கையால் உருவினால் உமி பறந்தது. நடுவில் ஒரு பரணில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தகரத்தைத் தட்டியபடி மாரி நின்றாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். பேச வாயெடுத்தால் குரலே வரவில்லை. கத்திக் கத்திப் போயிருந்தது.

"ஏன்டி ஸ்கூலுக்கு வரல?"

"எப்பிடி வர? நான் எறங்குனா அதுக எறங்கும்."

"முன்னாடி இம்புட்டு வராதே?"

"முன்னாடி அங்கிட்டும் இங்கிட்டுமாப் பிரிஞ்சு திங்கும். இப்ப மொத்தமும் இங்கதான் வருது."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது.

"ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அவிய காட்டுல அவிய வெரட்டச் சொன்னாவ. நீயும் அம்புட்டு சந்தோசமா இருந்த."

பயிருக்குள்ளிருந்து மிஞ்சிய கதிர்களை மடியில் சேர்த்துக்கொண்டு பேச்சியம்மாள் வந்தார். நான் அழத் தொடங்கியிருந்தேன். "அட, நீ ஏன்மா அழுத? குருவிக்கும் வயிறுன்னு ஒன்னு இருக்குல்ல. வெரட்டுனா வயித்தையா கழட்டி வச்சிட்டுப் போகும்?" என்றார்.

ஏதாவது செய்தாகவேண்டும் என்று எனக்குப் பட்டது. இங்கே பறக்கவிடுகிறேன் என்றேன். மாரி வேண்டாம் என்று தலையாட்டினாள். "இங்க வெரட்டுனா அங்கதான் போகும்" என்றாள். நான் கேட்கவில்லை. அழுதுகொண்டே கெஞ்சியதால் அவள் பரணிலிருந்து இறங்கி வந்து எறிந்தாள். அதே அழகான எறிதல். குருவிகள் எழும்பி, ஓடையைத் தாண்டி, பெரியசாமி மாமாவின் முற்றிய சோளத்தில் போய் இறங்கின.

செத்த நேரத்தில் அந்தப் பக்கக் கரையில் அவர் தெரிந்தார். "ஏலே அன்வரு! என்னலே நடக்கு? நான் உங்களுக்கு என்ன கொற வச்சேன்?" அவர் குரலில் கோபத்தைவிட ஆவலாதிதான், மனத்தாங்கல்தான் அதிகம் இருந்தது. பேச்சியம்மாள் இந்தப் பக்கமிருந்து, "சின்னப் புள்ளைக, தெரியாம செஞ்சிருச்சுக, விடுங்கண்ணே" என்று அவருக்குப் பதில் சொன்னார். தன் காட்டைத் தின்னக் கொடுத்தவர் எங்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்! நான் எந்தக் குச்சியையும் அசைக்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டரி தீர்ந்தது. முன்பெல்லாம் அது தீர்ந்தால் விமானம் மிதந்து மிதந்து இறங்கும். இப்போது மூக்கில் நட்டுக் கனத்தோடு நேரே ஓடைக்குள் இருந்த கருவேலமுள்ளில் போய் விழுந்தது. பசைபோட்டு ஒட்டிய இறக்கை தெறிக்க வழியில்லாமல் நடுவில் முறிந்தது. எடுக்க யாரும் இறங்கவில்லை. பிறகு மாரிதான் இறங்கி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அத்தாவுக்கு விஷயம் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு மூட்டை அரிசியை வண்டியில் வைத்துக்கொண்டு தானே சோழபுரம் போனார். பேச்சியம்மாள் மறுக்காமல் வாங்கிக்கொண்டு மோர் கொடுத்து அனுப்பினாராம். அம்மா மட்டும், "நாம செஞ்சது நல்லதான்னு நமக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிரும்" என்று பொதுவாகச் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அறுப்பு முடிந்தும் மாரி வரவில்லை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, அத்தாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச்சியம்மாளிடம் கேட்டேன். "அவ எப்பிடியும் நின்னிருப்பா தாயி. பெரிய புள்ளையாயிட்டா, எம்புட்டு நாளைக்கு பஸ்ஸுல அனுப்ப? அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அது நிஜமா, அல்லது என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதா? இத்தனை வருடமாக நான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற கேள்வி அதுதான். நிஜமென்று நம்பினால் தூங்கிவிடலாம், நம்ப முடிந்தால்தானே. அடுத்த வருடமும் அவள் வரவில்லை. நான் பத்தாவது படித்தேன், பன்னிரண்டாவது படித்தேன், எஞ்சினியரிங் படித்தேன். ஒவ்வொரு தடவையும் யாராவது பாராட்டும்போது அந்த உமி பறப்பது கண்ணில் தெரியும்.

இப்போது நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறேன், ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆடிப்பூரத் தேர் வரும்போது வீதிகளின் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றித் தேர் தாண்டியதும் திரும்பக் கட்டவேண்டும். அதற்காக ஆட்களோடு காலையிலேயே ரத வீதியில் நிற்போம். சில வருடங்களுக்கு முன்பு அப்படி நின்றுகொண்டிருந்தபோது, கூட்டத்துக்குள்ளிருந்து "ஏட்டி நூரு!" என்று ஒரு குரல். அந்த ஊரில் என்னை மேடம் என்றும் நூர்ஜஹான் அம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். கரகரத்த குரல். திரும்பும் முன்பே தெரிந்துவிட்டது.

தலை நரைத்திருந்தது. மகளும் மருமகனும் பேத்தியுமாகத் தேர் பார்க்க வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பத்துல ஏறுத ஆளெல்லாம் நீ சொன்னாத்தான் ஏறுவாகளாமே!" என்று சொல்லி, மகளிடம் என்னைக் காட்டிப் பெருமைப்பட்டாள். அத்தனை வருடமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொற்களை நான் ஒரு வழியாக எடுத்தேன்.

"மாரி, அந்தச் சோளம்..."

"எந்தச் சோளம்?" நிஜமாகவே யோசித்தாள். பிறகு சிரித்தாள். "அட, அதவா இன்னும் வச்சிக்கிட்டு இருக்க? அடுத்த வருசம் மழையே இல்ல, எல்லாரு காடும் ஒன்னு போலத்தான் காஞ்சுச்சு. நான் அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன்." பேத்தியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது போலிருந்தது. "ஆனா ஒன்னு நூரு. அம்புட்டு நாளும் நாந்தான எறிஞ்சேன். ஒரு தடவ அந்தப் பெட்டிய எங் கையில குடுத்திருக்கலாம்."

கொடுக்காமல் இருந்தேன் என்பதே அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. "இப்ப வாங்கித் தாரேன் மாரி, கடையில எல்லாம் கிடைக்குது" என்று உளறினேன். "இப்ப எதுக்குடி? கழுத்து வலி, மேல பாக்க முடியாது" என்றாள். தேர் அசைந்தது, கூட்டம் நெருக்கியது, என் ஆட்கள் என்னைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் போய்க்கொண்டிருந்தாள்.

சோழபுரத்தில் நாங்கள் பறக்கவிட்ட பொட்டலில் இப்போது கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். சோளம் போடுவார் இல்லை. பெரியசாமி மாமாவும் அத்தாவும் காலமாகிவிட்டார்கள். அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறான். வைண்டிங் கடையை மூடியபோது பரணிலிருந்த சாமான்களைப் பழைய இரும்புக்காரர் எடைபோட்டுத் தூக்கிப் போனார். கன்ட்ரோல் பெட்டியும் அதில்தான் போனது. அந்தப் பெட்டியை யார் யார் கையில் பிடித்திருக்கிறார்கள் என்று தேரிலிருந்து வீடு திரும்பிய அன்று நினைத்துப் பார்த்தேன். நான், அண்ணன், துபாய் மாமா. அத்தாகூட ஒரு நாள் ஆசையாக வாங்கிக் குச்சியை அசைத்தார். பெரியசாமி மாமாவின் பேரன் லீவுக்கு மதுரையிலிருந்து வந்திருந்தான், பெயர்கூடத் தெரியாத பையன். அவன் கேட்டதும் கொடுத்தேன். அப்போது மாரி கையில் விமானத்தைப் பிடித்தபடி, எறியச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.